“நல்லாருக்கு பாப்பா” என்றவர்கள் ஆப்பைத் திறக்கவில்லை. ஏன்?

கேள்வி: எனக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் நாட்டுப்படகில் தொழில் செய்கிறார்கள். ஊர் ஆட்களுக்காக ஒரு ஆப் செய்தேன். காற்று, அலை, ஏல விலை, படகுப் பங்குக் கணக்கு, அவசர எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. போன் நம்பரும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய், மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஊரில் பலரிடம் காட்டினேன். எல்லாருமே “நல்லாருக்கு பாப்பா” என்றார்கள். அவர்கள் போனில் நானே ஏற்றியும் கொடுத்தேன். இரண்டு மாதமாகியும் யாரும் திறப்பதாகத் தெரியவில்லை. சித்தப்பாவே “நீ பார்த்துட்டு சாயங்காலம் ஒரு போனைப் போட்டுச் சொல்லிடு” என்கிறார். பயிற்சி வகுப்பு நடத்தலாமா? விளக்க வீடியோ போடலாமா? முறையாகச் சோதிக்க எத்தனை பேர் வேண்டும், அதற்கு ஆய்வகம் ஏதாவது தேவையா?

பதில்: பயிற்சி வகுப்பு வேண்டாம். வீடியோவும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அந்த ஆப்பை இன்னும் சோதிக்கவே இல்லை, காட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். காட்டினால் பாராட்டு கிடைக்கும். ஒரு வேலையைக் கொடுத்து, அதை அவர்களே செய்து முடிக்கிறார்களா என்று பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால்தான் ஆப்பைப் பற்றி ஏதாவது தெரியவரும்.

கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பிள்ளை, படித்துவிட்டு நமக்காக ஒன்று செய்திருக்கிறது. அதன் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? இதை ஊர்ப்பாசம் என்று விட்டுவிட முடியாது. பெங்களூரில் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். துளியும் வித்தியாசமில்லாத இரண்டு தொழில்நுட்பப் படைப்புகளைக் காட்டி, அதில் ஒன்று பேட்டி எடுப்பவர் உருவாக்கியது என்று நம்பவைத்தார்கள். அவருடையதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. பேட்டி எடுத்தவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டுக்காரர் என்றால் அது ஐந்து மடங்கு. முன்பின் தெரியாதவருக்கே இந்த மரியாதை. நீங்களோ சொந்த ஊர்ப் பெண், பல பேருக்கு மகள் முறை வேறு.

அதனால் உங்கள் ஊரில் நீங்கள் சோதிக்காதீர்கள். தொண்டிப் பக்கமோ கீழக்கரைப் பக்கமோ ஒரு தோழி இருந்தால் அவரை வரச்சொல்லுங்கள். அவர் வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால் அதை அவர் ஊரில் நீங்கள் போய்ச் சோதித்துக் கொடுங்கள். உட்கார்ந்தவுடன் தோழி சொல்ல வேண்டியது இதுதான்: “அண்ணே, இதை நான் செய்யல. இதுல எங்கெங்க தப்பு இருக்குன்னு பாக்கத்தான் வந்திருக்கேன். உங்களுக்கு எங்க புரியலையோ அங்க எங்க வேலை சரியில்லைன்னு அர்த்தம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் கையில் திரையைக் கொடுத்தால் தங்களுக்குத்தான் பரீட்சை என்று நினைத்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்ட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் ஒன்றும் கிடைக்காது.

வேலையைக் கொடுக்கும்போது திரையில் இருக்கிற சொல்லை வாயில் கொண்டுவராதீர்கள். ‘வானிலை’ என்று ஒரு பட்டன் இருக்கும்போது “வானிலை பாருங்க” என்று சொன்னால், அவர் அந்த எழுத்தைத் தேடிப்பிடித்து அமுக்குவார். அதில் நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. “நாளைக்கு விடியக்காலம் வடகடலுக்குப் போறதா இருக்கீங்க. போகலாமா, வேணாமா? இதுல பாத்துச் சொல்லுங்க.” இப்படிக் கேளுங்கள். பிறகு பேச்சை நிறுத்திவிடுங்கள். அவர் திணறுவார். உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். “இதை அமுக்கவா?” என்று கேட்பார். “நான் பக்கத்துல இல்லைன்னா என்ன செய்வீங்க?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளக் கடினமான பாடம் இதுதான். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னும் கடினம்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது இந்தத் துறையில் பழைய முறை. ஐபிஎம்மில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதை எழுதிவைத்தார். நல்ல முறைதான். ஆனால் நம் கடற்கரையில் ஒரு பெரியவரைத் தனியாக உட்காரவைத்துத் தனக்குத்தானே பேசச் சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். இரண்டு பேராக உட்காரவைத்து ஒரே போனைக் கொடுங்கள். ஒரே படகுக்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. “ஏய், இதென்னடா அம்பு, காத்து எங்கிட்டிருந்து அடிக்குதுங்குது?” என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும்.

அம்புக்குறி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. காற்றுக்கு நீங்களும் அம்புதான் போட்டிருப்பீர்கள், பல வானிலை ஆப்பிலும் அப்படித்தான். இதே கரையில் வேறொரு ஆப்பைச் சோதித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். திரையில் ‘வடக்கு’ என்று எழுதி, அம்பு கீழே தெற்கைப் பார்த்து நின்றது. வானிலைக்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. காற்று வடக்கிலிருந்து வருகிறது, தெற்கே போகிறது. எழுத்து வருகிற திசையைச் சொல்கிறது, அம்பு போகிற திசையைக் காட்டுகிறது. பார்த்தவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எழுத்தைப் படித்தார், அம்பைப் பார்த்தார். போனையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். பிறகு கீழே வைத்துவிட்டு எழுந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, “வாடைதான்” என்றார். அவர் சொன்னது சரி. திரையில் இருந்ததும் சரி. ஆனால் அந்தத் திரையால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. அம்பை எடுத்துவிட்டு, வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று ஊரில் சொல்கிற பெயரையே பெரிதாகப் போட்டவுடன் அந்த இடத்தில் யாரும் தடுமாறவில்லை. அறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் இப்படி ஒன்று பிடிபடாது.

நீங்கள் எழுதியதை வைத்தே எனக்குத் தெரிகிற பெரிய கோளாறு, அந்த ‘மாவட்டத்தைத் தேர்ந்தெடு’ என்கிற திரை. மண்டபத்துக்காரருக்கு மாவட்டம் எதற்கு? அவருக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று காலத்தில் அது அப்படியே மாறும். சீசனுக்குத் தகுந்தபடி படகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றுகிற ஊர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இதெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, உங்கள் அப்பாவிடம் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். ஆனால் ஆப் செய்ய உட்கார்ந்ததும், அரசாங்க விண்ணப்பங்களில் பார்த்துப் பழகிய மாவட்டம்தான் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு கடலுக்கும் சேர்த்து ஒரே எண்ணைக் காட்டும் திரையை உங்கள் சித்தப்பா ஒருமுறை பார்த்திருப்பார். அது தப்பு என்று உடனே தெரிந்திருக்கும். உங்களிடம் அதைச் சொல்லாமல் போனைப் பைக்குள் வைத்திருப்பார். முதல் திரையில் வடகடல், தென்கடல் என்று இரண்டு பெரிய கட்டம் மட்டும் வையுங்கள்.

ஓடிபியையும் எடுத்துவிடுங்கள். காற்றைப் பார்க்க எதற்கு ஓடிபி? பல வீடுகளில் சிம் ஒருவர் பெயரில் இருக்கும், போன் இன்னொருவர் கையில் இருக்கும், அதை இயக்குவது எட்டாவது படிக்கும் பையனாக இருக்கும்.

அடுத்தது, தகவலின் வயது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் போய்விடுகிறது. அப்போது உங்கள் ஆப் கடைசியாக இறக்கியதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். நேற்று மாலை எடுத்த தகவல், இன்று மதியம் ஒருவர் கையில் இன்றைய தகவல் போலத் தெரியும். இது வெறும் வசதிக் குறைவு இல்லை, ஆபத்து. எப்போது வந்த தகவல் என்பதை மூலையில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகப் போடாமல், காற்றின் பெயருக்குச் சமமான அளவில் ‘நேற்று மாலை 5 மணிக்கு வந்தது’ என்று முழுசாக எழுதுங்கள். சில மணி நேரம் கடந்துவிட்டால் அந்த எண்களையே மறைத்துவிடுவது இன்னும் நல்லது. சோதிக்கும்போது போனை ஃபிளைட் மோடில் போட்டுக் கொடுத்து, “இது எப்ப உள்ள காத்து?” என்று கேட்டுப் பாருங்கள். பத்து நொடியில் பதில் வரவில்லை என்றால் அந்தத் திரையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் வேண்டாம் என்று நிறம் வைத்துச் சொல்லும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பச்சையைப் பார்த்துப் போனவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பச்சைக்கு நீங்கள் பொறுப்பு. வானிலை மையம் மீனவர்களுக்கு விடும் எச்சரிக்கை, ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று முன்னறிவிப்பு, இரண்டையும் மாற்றாமல் அப்படியே கொடுங்கள். முடிவை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், காலம் காலமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எனக்குப் பிடித்த வடிவமைப்புகளில் ஒன்று. பகலில் உருவம், இரவில் விளக்கு, தூரத்திலிருந்தே தெரியும். 1 முதல் 11 வரை எண்களுக்குத் தனித்தனி அர்த்தம் உண்டு. அதையெல்லாம் கரையில் எத்தனை பேர் ஒப்பிப்பார்களோ, சந்தேகம்தான். ஆனாலும் கூண்டு ஏறிவிட்டது என்ற ஒன்று மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எங்கே சோதிப்பது என்பதற்கு வருவோம். ஆய்வகம் தேவையில்லை, கரைதான் ஆய்வகம். உங்கள் அறையில் ஏசியில் பளிச்சென்று தெரிகிற திரை, உச்சிவெயிலில் மணலில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. கரைக்கு அது போதாது. வெள்ளையில் கறுப்பு, அவ்வளவுதான். ஆனால் அதே வெள்ளைத் திரை அதிகாலை மூன்று மணி இருட்டில் கண்ணைக் கூசவைக்கும், பிறகு கடலைப் பார்த்தால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. இரவுக்குக் கறுப்புப் பின்னணி தனியாக வேண்டும். போனை பாலித்தீன் பையில் சுற்றித்தான் எடுத்துப்போகிறார்கள், நீங்களும் அப்படியே சுற்றிக் கொடுத்துச் சோதியுங்கள். ஈரக்கை பட்டால் இந்தத் தொடுதிரைகள் தொட்டதை ஒழுங்காக அறியாது. ஒரு பக்கெட்டில் கடல் தண்ணீர் வைத்துக்கொண்டு, கையை நனைத்துவிட்டு அமுக்கச் சொல்லுங்கள். பட்டன் குறைந்தது 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்கிறது. வலை இழுத்துக் காய்த்துப்போன விரலுக்கு அதைப்போல இரண்டு மடங்காக வையுங்கள். இழுப்பது, அமுக்கிப் பிடிப்பது போன்ற சைகைகளே வேண்டாம்.

எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து பேர் போதும் என்று பரவலாகச் சொல்வார்கள். இந்தத் துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது அது. சராசரியாக ஒருவர் 31 சதவீதக் கோளாறுகளை வெளிக்கொண்டுவருகிறார் என்று வைத்தால், ஐந்தாவது ஆள் முடியும்போது 85 சதவீதம் வந்துவிடும். இந்த 31 சதவீதம் அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி, உங்கள் ஆப்புக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதோடு, ஐந்து பேரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். படகு உரிமையாளர், பங்குக்குப் போகிறவர், வீட்டில் கணக்குப் பார்க்கும் அக்கா என்று மூன்று வகையையும் கலந்து ஐந்து பேர் எடுத்தால் எந்த வகைக்கும் ஆள் பற்றாது. ஒரு வகையில் ஐந்து பேர், கண்டதைச் சரிசெய்து, மறுபடி வேறு ஐந்து பேர். பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட இதுதான் பயன் தரும். நாள் பார்ப்பதும் முக்கியம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை இருப்பதால், விசைப்படகு போகும் நாளில் உங்கள் ஆட்களைக் கரையில் பிடிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். அதை நம்பி நாட்டுப்படகுக்காரர்களைத் தேடிப் போகாதீர்கள்.

ஏல விலைப் பகுதியை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பயன்படாது என்றுதான் நினைக்கிறேன். முன்பணம் வாங்கியவர் பணம் கொடுத்த வியாபாரியிடம்தான் மீனைப் போட வேண்டும். ராமேஸ்வரத்தில் நண்டு என்ன விலை போகிறது என்று தெரிந்து அவர் என்ன செய்வார்? வயிற்றெரிச்சல்தான் மிச்சம். இது திரையில் இருக்கிற கோளாறு இல்லை, சோதனையிலும் பிடிபடாது. விசாரித்துப் பாருங்கள், நான் சொல்வது சரியாக இருந்தால் அந்தப் பகுதியைத் தூக்கிவிடுங்கள்.

பங்குக் கணக்கு வேறு கதை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பது ஊருக்கு ஊர் மாறும், ஒரே ஊரில் தொழிலுக்குத் தொழில் மாறும். அதை எழுதுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள், அதுவும் சாயங்காலம் நோட்டில். ஆள் வேறு, நேரம் வேறு, இடம் வேறு. ஒரே ஆப்பில் காற்றையும் கணக்கையும் சேர்த்து அடைக்காதீர்கள். அந்த நோட்டுகளை ஒரு பத்துப் பதினைந்து பக்கம் படித்துப் பார்த்துவிட்டுத் தனியாகச் செய்யுங்கள்.

பயிற்சி வேண்டாம் என்று ஏன் முதலிலேயே சொன்னேன் தெரியுமா? இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கையில் இருக்கும் மடிப்புப் பலகையை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். நல்ல பயிற்சி பெற்றவர்கள்தான் அவர்கள். அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. சக்கரக் கைப்பிடியில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் மரம் பிளக்க அடிக்கிற ஆப்பு மாதிரி ஒரு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். தடவிப் பார்த்தாலே தெரியும்படி ஆனது, பிரச்சினை தீர்ந்தது. இரண்டு எண்ணும் நாலு சொல்லும் இருக்கிற திரைக்கு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தால், திரையைத்தான் திருத்த வேண்டும்.

இப்போது சித்தப்பா விஷயம். “போனைப் போட்டுச் சொல்லிடு” என்றதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. உங்கள் கடிதத்திலேயே பயனுள்ள வரி அதுதான். எப்போது வேண்டும் என்று சொல்லிவிட்டார், முதல்நாள் சாயங்காலம். எப்படி வேண்டும் என்றும் சொல்லிவிட்டார், காதால். பாம்பனில் கடல் ஓசை எஃப்எம் 90.4ஐக் கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. வாட்ஸப்பிலும் எழுதுவதைவிடக் குரலில் பேசி அனுப்புவதுதான் அதிகம். அதனால் புதிதாக ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இதைச் செய்து பாருங்கள். ஒரு வாரம், தினமும் சாயங்காலம், வானிலை மையமும் இன்காய்ஸும் சொன்னதை அரை நிமிடக் குரல் பதிவாக ஏழெட்டுப் பேருக்கு அனுப்புங்கள். திரும்ப என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள். “தென்கடல்ல எப்படி?”, “எத்தனை மணிக்கு மேல காத்து கூடும்?”, “இது நேத்துச் சொன்னதுதானா?” என்று வரும். அந்தக் கேள்விகள்தான் உங்கள் முதல் திரையில் இருக்க வேண்டியவை. அதன் பிறகு அட்டையைப் போன் அளவுக்கு வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் திரையை வரைந்து, அதை வைத்தே ஒரு சுற்றுச் சோதியுங்கள். அட்டையில் வரைந்ததை “இது சரியில்லை” என்று சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது. கணினியில் செய்ய வேண்டியது அப்புறம்தான்.

வீடியோ எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், கையும் திரையும் மட்டும் போதும், முகம் வேண்டாம். உட்காருகிறவருக்குக் காசு கொடுப்பதா என்று தயங்கினால், கொடுங்கள். வலை பின்னுகிற நேரத்தை உங்களுக்குத் தருகிறார், அது கூலி நேரம். ஆனால் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லி, தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு கிடைக்கும் என்றால், நல்லபடியாகச் சொன்னால்தான் கிடைக்குமோ என்று நினைத்து மறுபடியும் “நல்லாருக்கு” என்றே சொல்லிவிடுவார்கள்.